உங்களுக்குத் தெரியுமா? விழுகிற பிள்ளைக்கு முதலில் புடைப்பது நெற்றி
இலங்கையின் பெரகல பக்கத்துத் தோட்டங்களில் லயத்துப் படியிலோ கானிலோ தடுக்கி விழும் சின்னப் பிள்ளைக்குப் பெரும்பாலும் நெற்றிதான் புடைக்கும். பிறக்கும்போது மண்டையோடு முகத்தைப்போல் ஏறக்குறைய 8 மடங்கு பெரிது. பெரியவர்களுக்கு இரண்டு, இரண்டரை மடங்குதான். எலும்பும் இளசு, வளைந்து கொடுக்கும். அதனால் 5 வயதுக்குள் முக எலும்பு முறிவது அபூர்வம்.

பள்ளிக்கூட வயதில் ஆபத்து மேல்வரிசை முன்பல்லுக்கு. நிலைப்பல் வேரோடு விழுந்தால் வேரைத் தொடாமல், தேய்க்காமல், ஆறிய பாலில் போட்டுப் பல் வைத்தியரிடம் ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் பொருத்தினால் பிழைக்க வாய்ப்பு அதிகம். மலைப்பாதையில் அது லேசான காரியமல்ல, அதனால்தான் பால். பால்பல்லை மட்டும் திரும்பச் செருகக் கூடாது.

அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தாலோ தூங்கி வழிந்தாலோ 1990-ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.