ஒரு கோப்பில் இருவர் எழுதினால்: போட்டி நிலை

வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2008 இல் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் அது ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. அங்கு வரும் பூநாரைகளை இரு மாணவர் எண்ணி, பாடசாலைக் கணினி வலையமைப்பிலுள்ள ஒரே கோப்பில் கூட்டிப் பதிகின்றனர் எனக் கொள்வோம். கோப்பில் ஏற்கெனவே 120 உள்ளது. முதலாமவர் 30 ஐயும் இரண்டாமவர் 45 ஐயும் சேர்த்தால் 195 வரவேண்டும்.

இருவரும் ஒரே வேளையில் கோப்பைத் திறந்தால் இருவருக்கும் தெரிவது 120 ஆகும். முதலாமவர் 150 எனச் சேமிக்கிறார். சற்றுப் பிந்தி மற்றவர் 165 எனச் சேமிக்கிறார். 30 பூநாரைகள் காணாமற் போய்விட்டன! எவரும் கூட்டலில் பிழைவிடவில்லை. பிழைச் செய்தியும் தோன்றவில்லை. இவ்வாறு, செயல்கள் நிகழும் ஒழுங்கைப் பொறுத்து விளைவு மாறுவதே போட்டி நிலை எனப்படும்.

இதே இடர் பணிசெயல் முறைமைக்குள்ளும் உண்டு. வன்தட்டு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எக்கட்டம் வெறுமையானது என்பதற்கு ஓர் அட்டவணை பேணப்படும். ஒரு முறைவழி அட்டவணையைப் பார்த்து, "இக்கட்டம் வெறுமை" என அறிகிறது. அதைத் தனதாகக் குறிக்குமுன் இன்னொரு முறைவழியும் அதையே பார்த்துவிட்டால், இரு கோப்புகள் ஒரே கட்டத்தில் எழுதப்படும். ஒன்றின் தரவு அழியும். கணினியில் ஒரேயொரு மத்திய முறைவழி அலகு இருந்தாலும் இது நிகழலாம் என்பதைக் கவனிக்க. அது ஒரு வேலையை இடையில் நிறுத்தி மற்றதற்கு மாறுகிறதல்லவா?

பரிகாரம் பூட்டு ஆகும். பார்த்தல், குறித்தல் ஆகிய இரண்டும் முடியும்வரை அட்டவணை பூட்டப்பட்டிருக்கும். அடுத்த முறைவழி காத்திருக்கும். எனினும் பூட்டுகளும் தொல்லை தரும். கோப்புறை அ வைப் பூட்டியவர் ஆ வுக்காகவும், ஆ வைப் பூட்டியவர் அ வுக்காகவும் காத்திருந்தால் இருவரும் அசையமாட்டார்கள். ஆகவேதான் லினக்ஸில் ஒரு கோப்பை வேறொரு கோப்புறைக்கு நகர்த்தும்போது, அக்கோப்பு முறைமை முழுவதற்குமான பொதுப் பூட்டொன்று முதலில் எடுக்கப்படுகிறது.

இத்தகைய வழு சோதனையில் எளிதில் அகப்படாது. "டேட்டி கவ்" எனும் வழு 2007 இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.22 பதிப்பிலிருந்து காணப்பட்டு, 2016 ஒக்ரோபரிலேயே திருத்தப்பட்டது. வாசிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பில் ஒரு செய்நிரல் எழுத முயன்றால், நினைவகத்திலுள்ள தனிப் பிரதியிலேயே எழுதப்பட வேண்டும். பிரதி உருவாகி, எழுத்து விழுமுன் உள்ள நொடிப்பொழுதில் வேறொரு செயல் அப்பிரதியை நீக்கிவிடின், எழுத்து மூலக்கோப்பிலேயே விழுந்தது! சாதாரணப் பயனர் ஒருவர் இதனால் நிருவாகியின் அதிகாரத்தைப் பெறமுடிந்தது.

பயிற்சி: மேற்படி உதாரணத்தில் இரண்டாமவர் முதலில் சேமித்திருந்தால் கோப்பில் எவ்வெண் எஞ்சும்? கோப்பைப் பூட்டவேண்டியது திறக்கும்போதா, சேமிக்கும்போதா? காரணம் தருக.