மடிப்பு ஒளிப்படக்கருவி

மடிப்பு ஒளிப்படக்கருவி என்பது லென்சுக்கும் படச்சுருளுக்கும் நடுவே தோல் துருத்தி வைத்து, தட்டையாக மடக்கி எடுத்துச் செல்லுமாறு அமைத்த கேமரா. ஆர்மோனியத் துருத்தியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

1858-இல் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுக்க வந்தபோது கருவிகளை மாட்டுவண்டிகளில் கொண்டுவந்தார். படத்தைப் பெரிதாக்கும் வழக்கம் அன்று இல்லை. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ, அவ்வளவு பெரிய எதிர்மறையும் அதற்கேற்ற பெட்டியும் வேண்டும். கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து, ஒரே நீள்படமாக ஒட்டிய உழைப்பு இதனால்தான் வியப்பூட்டுகிறது.

படச்சுருள் வந்தபின் கேமரா சுருங்கியது. 1912-இல் கோடாக் வெளியிட்ட 'வெஸ்ட் பாக்கெட்' சட்டைப்பையில் அடங்கியது. முதல் உலகப்போரில் சிப்பாய்கள் பலர் அதை வைத்திருந்தனர்.

துருத்தியே இதன் பலவீனமும். மடிப்பு மூலைகளில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் ஒளி புகுந்து படம் கெடும். முத்துப்பேட்டை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தோலில் பூஞ்சணம் பிடிக்கும், லென்சும் தப்பாது.

பரணில் இப்படியொரு கேமரா கிடைத்தால் அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். பின்புறச் சிவப்புச் சன்னலில் எண் தெரிந்தால் உள்ளே படச்சுருள் இருக்கிறது. வெளிச்சம் பட்டால், வீட்டார் எவரும் பார்த்திராத படங்கள் அழிந்துபோகும். சுருள் இல்லையென்றால், இருட்டறையில் துருத்திக்குள் சிறு டார்ச்சை எரியவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். ஒளிப்புள்ளி தெரியும் இடமே ஓட்டை.