பவுண்டரி தொடங்கணுமா? உலைக்கு முன்னாடி கணக்குப் போடுங்க!

சிவகிரி, புளியங்குடி பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் ஓடும் பம்புசெட்டின் கூடு பெரும்பாலும் வார்ப்பிரும்பு. கோவையில் ஏராளமான பவுண்டரிகள் இதை வார்க்கின்றன. 'நம்ம ஊரிலேயே செய்யலாமே' என்று நினைக்கும் இளைஞர்கள், கடன் வாங்கும் முன் வார்ப்பு வடிவமைப்பின் அடிப்படையைத் தெரிந்துகொள்வது நல்லது.

பேட்டர்ன்: வார்ப்பிரும்பு குளிரும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்கும். 300 மி.மீ. கூடு வேணும்னா, பேட்டர்ன் 303 மி.மீ. இருக்கணும். கடைசல் பிடிக்க வேண்டிய பக்கங்களுக்கு இன்னும் சில மி.மீ. சேர்க்கணும். மணலில் இருந்து உடையாமல் உருவ, பக்கங்களில் லேசான சரிவு தேவை. உள்ளே வெற்றிடம் வர, மணலால் செய்த 'கோர்' வைக்க வேண்டும்.

ரன்னர், ரைசர்: உருகிய இரும்பு அலையடிக்காமல் அச்சுக்குள் போக ரன்னர் வழிவிடும். தடிமனான இடம் கடைசியாகத்தான் உறையும். அங்கே கூடுதல் உலோகம் கொடுக்க ரைசர் இல்லையென்றால் உள்ளே ஓட்டை விழும். ரைசர் வார்ப்புக்குப் பிறகே உறைய வேண்டும். இதைக் கம்ப்யூட்டர் சிமுலேஷனில் முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

நஷ்டம் எங்கே? 10 கிலோ எடையில் 100 கூடுகள் வார்க்கிறோம். ஊற்றும் இரும்பில் 60 சதவீதம்தான் வார்ப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போ சுமார் 1,670 கிலோ உருக்கணும். டன்னுக்குச் சுமார் 600 யூனிட் மின்சாரம் ஆகும் என்றால், 10 கூடுகள் கழிந்தாலே 100 யூனிட் வீண். இரும்பைத் திரும்ப உருக்கிக்கலாம்; கரண்ட் செலவும் கூலியும் திரும்ப வராது. அதனால முதலில் ஒரு மாதிரி வார்ப்பை அறுத்துப் பார்த்துவிட்டு, பிறகு மொத்த ஆர்டரைத் தொடங்குங்கள்.

யாரை அணுகுவது? தென்காசி மாவட்டத் தொழில் மையம். தகுதியுள்ள புதிய தொழில்முனைவோருக்கான 'நீட்ஸ்' திட்டத்தில் 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம் ரூபாய் வரை உண்டு. வயது, கல்வித் தகுதி விவரங்களை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். கட்டடம் கட்டும் முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவுவதற்கான இசைவாணையும், உற்பத்திக்கு முன் இயக்குவதற்கான இசைவாணையும் பெற வேண்டும். திட்ட அறிக்கையில் கழிவு வார்ப்புக்கும் ஒரு தொகை ஒதுக்கி எழுதுங்கள். மாதத் தவணை கட்டும்போது அது கைகொடுக்கும்.