வாடைக்காற்றும் அடுப்படிப் புகையும்

கொழும்பில் வாழும் எமக்குக் காலநிலை என்றால் மழையும் வெயிலும்தான். வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27, 28 பாகை செல்சியஸை ஒட்டியே இருப்பதனால் பருவம் மாறியதை நாம் குடையைக் கொண்டே அறிந்துகொள்கிறோம். காற்றைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பக்கத்திலேயே கடல் இருக்கிறது, புகை எப்படி நிற்கும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. இந்த எண்ணம் ஆண்டின் ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்தும்.

மே மாதம் முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, அதாவது சோளகம், இந்து சமுத்திரத்தின் மேலாக நெடுந்தூரம் கடந்து வருவது. அதில் தூசு குறைவு. நகரத்தின் புகையை அது உள்நாட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். மிச்சத்தை மழை கழுவிவிடும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வாடைக்காற்று அப்படியல்ல. இந்தியப் பெருநிலத்தின் தொழிற்சாலை, வாகன, வயற்புகைகளையும் அது சுமந்து வரக்கூடும். அம்மாதங்களில் இரவு சற்றுக் குளிர்வதால் நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே எழாமல் தங்கிவிடுகிறது. அதற்கு மேலே சூடான காற்று ஒரு மூடி போல நிற்கும். வெயில் ஏறும்வரை புகை கலைவதில்லை. பிற்பகலில் கடற்காற்று சற்று ஆறுதல் தரும். பேஸ்லைன் வீதியில் ஜூலையிலும் ஜனவரியிலும் ஓடுவது அதே பஸ்களும் ஓட்டோக்களும்தான். ஆனால் ஜனவரியில் நாம் சுவாசிப்பது வேறு காற்று.

கண்ணுக்குத் தெரியாத நுண்துணிக்கைகளே இதில் ஆபத்தானவை. பி.எம். 2.5 எனப்படுபவை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டரைப் பங்கு, அல்லது அதனிலும் சிறியவை. எமது தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு என்று சொல்லலாம். இவை நுரையீரலின் அடிவரை சென்று இரத்தத்திலும் கலக்கக்கூடியவை. ஒரு கன மீற்றர் காற்றில் இவற்றின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது. இலங்கையில் 2008இல் வகுக்கப்பட்ட நியமம் 25 மைக்ரோகிராம். எனவே "நியமத்துக்கு உட்பட்டது" என்று செய்தியில் கேட்டவுடன் நிம்மதியடைய வேண்டியதில்லை.

2022 டிசெம்பரில் வங்காள விரிகுடாவில் மண்டவ்ஸ் சூறாவளி உருவானபோது, எல்லை கடந்து வந்த தூசினால் கொழும்பு, யாழ்ப்பாணம் உட்படப் பல நகரங்களில் காற்றின் தரம் மோசமடைந்தது. டிசெம்பர் 9ஆம் திகதி அரச பாடசாலைகள் மூடப்பட்டன. முகக்கவசம் அணியுங்கள், முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று ஆலோசனை கூறப்பட்டது.

அந்த வாரம் வடகொழும்பில் ஆற்றோரமாக உள்ள தோட்டம் ஒன்றுக்கு வேலை நிமித்தம் போயிருந்தேன். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் பெண்ணொருவர் சொன்னது இது:

"டீவியில கதவ சாத்திக்கிட்டு உள்ளுக்கு இருங்கன்னு சொல்றாங்க மிஸ். கதவ சாத்தினா நான் அடுப்பு எரிக்கிறது எப்பிடி? எனக்கு வெளிய இருக்கிற புகை பரவாயில்ல, உள்ளுக்கு இருக்கிறதுதான் சாமான்."

விடியற்காலை மூன்று மணிக்கு அவருடைய அடுப்பு எரியத் தொடங்கும். கடைகளுக்கு ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன 'மூடி' நகரத்தின் மேல் இறுகியிருக்கும் நேரமும் அதுவே. வீடு ஒரே அறை. அடுப்பிலிருந்து ஆறடி தூரத்தில் பாயில் பேரப்பிள்ளை தூங்குகிறது. அதற்கு முட்டு வருத்தம். மார்கழி வந்தால் இரவில் இழுக்கும் என்கிறார்கள். குளிர்தான் காரணம் என்பது வீட்டாரின் முடிவு. குளிருக்கும் பங்குண்டு. ஆனால் அதே மாதங்களில் மழையில் நனைந்த விறகு எரிகிறது என்பதையும், குளிருக்காக ஜன்னல் சாத்தப்படுகிறது என்பதையும் எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

இவர் முன்பு காஸ் அடுப்பு வைத்திருந்தவர். 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் அது 4,860 ரூபா, அதுவும் வரிசையில் நின்றும் கிடைக்காத காலம். அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகியது. தோட்டங்களில் இருந்தவர்கள் விறகுக்குத் திரும்பினார்கள். தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டவர்களுக்கு அதற்கும் வழியில்லை; கீழே இறங்கி முற்றத்தில் கல் வைத்துச் சமைத்தார்கள். பின்னர் காஸ் தட்டுப்பாடு நீங்கியது. ஆனாலும் இடியப்பக் கணக்கில் இலாபம் காண வேண்டியவர்கள் பலர் விறகை விடவில்லை. தளபாடக் கடைகளில் கழிக்கப்படும் பலகைத் துண்டுகள் மலிவு என்று வாங்குகிறார்கள். அவற்றில் வார்னிஷும் பெயின்டும் இருக்கும். பற்றவைப்பதற்கு ஷொப்பிங் பை.

இதற்கு மேல் நுளம்புச் சுருள். மழை ஓய்ந்த கையோடு டெங்கு வரும் என்பதால் சுருள் கொளுத்துவதைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆயினும் ஒரு சுருள் வெளியிடும் நுண்துணிக்கைகள் 75 முதல் 137 வரையான சிகரட்டுகளுக்குச் சமம் என 2003இல் வெளியான ஆய்வொன்று கூறியது. நுளம்பு வலை இதனிலும் நல்லது. ஒரே அறையில் ஆறுபேர் படுக்கும்போது வலை எங்கே கட்டுவது என்று கேட்டால், அதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை.

வீதிப் புகைக்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூற முடியாது. ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. டூ ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டிகளின் இறக்குமதி 2008இல் தடை செய்யப்பட்டது. வாகனப் புகைப் பரிசோதனையும் அதே ஆண்டில் வந்தது. அடுப்படிப் புகை மட்டும் குடும்ப விவகாரமாகவே பார்க்கப்படுகிறது. சமைப்பது பெண்ணின் வேலை, இருமுவதும் அவளுடைய பாடு. வீட்டுப் புகையினால் 2020இல் மாத்திரம் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சிறுபிள்ளைகளுக்கு நியூமோனியா, பெரியவர்களுக்கு நீண்டகால நுரையீரல் நோய், இருதய நோய், எடை குறைந்த பிரசவம், கண்ணில் வெண்புரை ஆகியவற்றுடன் இப்புகைக்குத் தொடர்புண்டு. வாழ்நாளில் ஒரு சிகரட்டும் பிடிக்காத பெண்ணுக்குப் புகைப்பவரின் நெஞ்சு வருத்தம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை பலவேளை அடுப்பிலேயே கிடைக்கும். கர்ப்பிணிகளைப் பார்க்க வரும் குடும்பநல மாதுக்கள் நிறை, இரத்த அழுத்தம் கேட்பது போல 'எதில் சமைக்கிறீர்கள்' என்றும் கேட்டால் நல்லது.

எமது மாதாந்தக் கூட்டத்தில் பெண்கள் தாங்களே சிலவற்றைத் தீர்மானித்தார்கள். பெயின்ட் பூசிய பலகையும் ஷொப்பிங் பையும் வேண்டாம். விறகை ஒக்டோபர் மழைக்கு முன்னர் வாங்கி உலர்த்தி வைப்பது. அடுப்பைக் கதவுப் பக்கம் நகர்த்துவது. பற்றவைக்கும் முதல் கால்மணி நேரம்தான் புகை அதிகம் என்பதால் அந்த நேரம் பிள்ளையை அயல்வீட்டில் படுக்க வைப்பது. 1980களிலிருந்து நம் நாட்டில் புழக்கத்திலுள்ள 'அனகி' மண் அடுப்பு சிலவற்றையும் வாங்கினோம். இரண்டு பானை வைக்கலாம், விறகு மிச்சம். புகை முற்றாக நிற்காது, குறையும்.

இடியப்பக்கார அக்கா தன் அடுப்பைக் கதவடிக்கு நகர்த்திவிட்டார். முடுக்கு மூன்றடி அகலம் மாத்திரமே. இப்போது அந்தப் புகை எதிர்வீட்டு ஜன்னலுக்குள் போகிறது. அங்கே கைக்குழந்தை இருக்கிறது. முடுக்கின் முடிவில் தண்ணீர்க் குழாயடியில் கூரை போட்டு நான்கு பேருக்குப் பொது அடுப்படி ஒன்று கட்ட இடம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அளக்க ஒருவர் வந்து போனார். பதில் இன்னும் வரவில்லை.