“நீங்க எண்ணுங்க சார், போதும்!”
ஹெட் கிளார்க்கை மடக்கிய அட்டெண்டர்

சென்னை, பாரிமுனை அலுவலகம் ஒன்றில் லிப்ட் ரிப்பேர். 3 மாடி ஏறி வந்த ஹெட் கிளார்க் நாற்காலியில் சாய்ந்தார். 10 நிமிடம் பேச்சே வரவில்லை!

பரிசோதித்த டாக்டர், “இதயம் நல்லா இருக்கு. உடம்பை அசைங்க” என்று எச்சரித்து அனுப்பினார்.

பயந்துபோன ஊழியர்கள் சாயங்காலம் கூட்டு உடற்பயிற்சி தொடங்கினார்கள். வந்தது 4 பேர்!

“இந்த வயசுல எதுக்குப்பா?” என்றது கணக்குப் பிரிவு. “புடவையோட எப்படிங்க? சிரிப்பாங்களே” என்றார்கள் பெண்கள்.

அட்டெண்டர் வழி கண்டுபிடித்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை, கழுத்து, தோள் பயிற்சி. 5 நிமிடம்தான். பெண்களுக்குத் தனி அறை. கேலி செய்பவர் முன்வரிசைக்கு வரவேண்டும்!

இது புதிசல்ல. ஜப்பானில் 1928 முதல் ரேடியோ இசைக்கேற்ப உடற்பயிற்சி நடக்கிறது. அலுவலக ஊழியர்களுக்கான 5 நிமிட யோகா செயலியை மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் வெளியிட்டது.

ஆனால் 5 நிமிடம் ஆரம்பம்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 நிமிடம். அதாவது தினம் 30 நிமிடம், 5 நாள். ஒரு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தாலும் கணக்கில் சேரும். நெஞ்சு வலி, மயக்கம் உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்கணும்.

ஹெட் கிளார்க் மட்டும் பைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். “சார், நீங்க செய்யவே வேணாம். ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க, போதும்” என்றார் அட்டெண்டர்.

எண்ணினார். ஒரு வாரம் போனது. எண்ணிக்கொண்டே கையையும் தூக்குகிறார்!