ஓடியாடும் குழந்தையும் உண்ணும் உணவும்

உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மிடையே, "குழந்தை சரியாகச் சாப்பிடுவதில்லை" என்ற கவலை இல்லாத வீடு அரிது. ஊரில் பாட்டியும் அத்தையும், முற்றமும் திண்ணையும் பகிர்ந்து சுமந்த பொறுப்பை, இங்கே இரண்டு அறைகளுக்குள் தாயும் தந்தையும் மட்டுமே சுமக்கின்றனர். ஆகவே, ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் உணவையும் விளையாட்டையும் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

முதல் ஆண்டில் குழந்தையின் எடை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. இரண்டாம் ஆண்டிலோ இரண்டு, மூன்று கிலோ அளவே கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிவது இயற்கை. இதை அறியாமல் அஞ்சும் நாம், கைப்பேசியில் பொம்மைப் படம் காட்டி, குழந்தை வாய் திறக்கும் வேளை பார்த்து ஊட்டிவிடுகிறோம். அந்நாளில் நிலவைக் காட்டி ஊட்டவில்லையா என்று கேட்கலாம். நிலவைக் காட்டிய தாய் குழந்தையோடு பேசினாள். அது போதுமென்று தலையைத் திருப்பியதையும் கண்டாள். திரையில் லயித்த குழந்தையோ தன் வயிறு நிறைந்ததையே உணர்வதில்லை.

எதை, எவ்வேளையில் படைப்பது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் உரிமை. நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளை உணவும், இடையே ஓரிரு முறை சிற்றுண்டியும் போதும். புதிய காய் ஒன்றை இன்று துப்பினால், சில நாள் கழித்து மீண்டும் சிறிது வைக்கலாம். பத்து முறை வைத்த பிறகு விரும்பி உண்ணும் குழந்தைகளும் உண்டு.

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். வசதியுள்ள வீடுகளும் இதற்கு விலக்கல்ல. பால் நல்ல உணவே. ஆயினும் அதில் இரும்புச் சத்து மிகக் குறைவு. தம்ளர் தம்ளராகப் பாலைக் கொடுத்தால் சோற்றுக்கும் பருப்புக்கும் வயிற்றில் இடமிராது. தேநீரோ உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காதபடி தடுக்கும். அதைச் சிறு குழந்தைக்குப் பழக்கவே கூடாது. கீரை, பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் அச்சத்து உடலில் நன்கு சேரும்.

ஊர்ப் பண்டம் கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. நம் கேழ்வரகுதான் வடக்கே 'மண்டுவா' என்றும், மராட்டியத்தில் 'நாச்ணி' என்றும் வழங்குகிறது. அதில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. வேர்க்கடலையை முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கக்கூடும். பொடித்தே கொடுக்க வேண்டும்.

உண்டது உடலில் ஒட்ட வேண்டுமானால் குழந்தை ஓட வேண்டும். இவ்வயதுக் குழந்தைகள் நாள் முழுவதிலுமாகச் சேர்த்துக் குறைந்தது 180 நிமிடம் ஓடியாட வேண்டும் என்றும், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணிக்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. வடநாட்டுக் குளிருக்கு அஞ்சிக் குழந்தையைக் கம்பளிக்குள்ளேயே வைத்திருத்தல் வேண்டா. வெயில் ஏறியபின் பூங்காவில் விடலாம். புகைமூட்டம் மிகுந்த நாட்களில் வீட்டிற்குள்ளேயே தட்டாமாலை சுற்றலாம், உப்புமூட்டை தூக்கலாம். அவ்வாறு ஆடும்போது குழந்தையின் காதில் தமிழும் விழும்.

இன்றிரவு கைப்பேசியை அப்பால் வைத்துவிட்டு, குழந்தைக்கெனச் சிறு தட்டு ஒன்றை நம் அருகிலேயே வைப்போம். பாதிச் சோறு தரையில் சிந்தும்; சிந்தட்டும், பெருக்கிக் கொள்ளலாம். எஞ்சிய பாதியை அது தன் கையால், தன் பசியறிந்து உண்ணும்.