ஓட்டை விழுந்த இலைகள்

கறிவேப்பிலைக் கொத்தில் பறவை எச்சம்போல ஏதோ ஒட்டியிருந்தால் உதறிவிடுகிறோம், இல்லையென்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறோம். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அந்த எச்சம் நகர்ந்து இலை விளிம்பைக் கொறிப்பது தெரியும். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகன் என்ற இரண்டு வண்ணத்துப்பூச்சிகளின் இளம்புழுக்கள் இப்படித்தான் இருக்கும். எச்சத்தை எந்தப் பறவையும் கொத்தாது என்பதுதான் அவற்றின் பாதுகாப்பு. வளர்ந்து பச்சை நிறத்துக்கு மாறிய பிறகு உடலின் முன்பகுதியில் கண் போன்ற புள்ளிகள் தோன்றும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைக்கொம்பு ஒன்றை நீட்டி, காட்டமான ஒரு வாடையை வீசும்.

முட்டையிலிருந்து சிறகு விரிப்பது வரை சுமார் மூன்று, நான்கு வாரங்கள். அதற்குள் செடி ஓரளவு மொட்டையாகும், பிறகு துளிர்த்துவிடும். சமையலுக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று என்று இரண்டு கன்றுகள் வைத்தால் சண்டையே இல்லை. ‘இயற்கை மருந்துதானே’ என்று வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேம்பிலுள்ள அசாடிராக்டின் புழுக்கள் தோலுரித்து வளர்வதையே தடுக்கிறது. அதற்கு அசுவினி வேறு, அழகி வேறு என்று தெரியாது.

வண்ணத்துப்பூச்சி வர வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் பூச்செடியைத்தான் தேடி வாங்குகிறார்கள். பூ வேண்டியதுதான். ஆனால் தேன் குடிக்க வந்த பூச்சி குடித்துவிட்டுப் போய்விடும். முட்டையிட அதற்கு வேண்டியது இலை, அதுவும் தன் இனத்துக்கு உரிய இலை. என்னைக் கேட்டால், ஒரு தோட்டம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மலர்களைவிட இலைகளில் விழுந்த ஓட்டைகளைத்தான் முதலில் எண்ணுவேன்.

இலையில் ஏன் இத்தனை கறார்? செடிகள் தம்மைக் காத்துக்கொள்ள நஞ்சுகளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு பூச்சியினமும் நெடுங்காலமாகப் பழகிப் பழகி ஏதோ சில செடிகளின் நஞ்சை மட்டும் வென்றிருக்கிறது. புழுவை மற்ற இலையில் விட்டால் பட்டினி கிடந்து சாகும். அதனால்தான் முட்டையிட வரும் தாய்ப்பூச்சி இலைமேல் முன்கால்களால் படபடவென்று தட்டிப் பார்க்கிறது. சுவையறியும் உணர்வு அந்தக் கால்களில் இருக்கிறது. சரியான செடி என்று உறுதியானால்தான் முட்டை.

எருக்கை எடுத்துக்கொள்வோம். ஆடு மாடு அண்டாத செடி. வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சிக்கு அதுதான் தொட்டில். சின்னஞ்சிறு புழு முதலில் இலையில் வட்டமாக ஒரு வெட்டு வெட்டிப் பாலை வடித்துவிட்டு, உள்வட்டத்தை நிதானமாகத் தின்னத் தொடங்கும். எருக்கின் நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்துக்கொள்ளும். அப்படி வளர்ந்த பூச்சியைத் தின்ற பறவை குமட்டி எடுக்கும், பிறகு அந்த ஆரஞ்சு நிறத்தின் பக்கமே தலைவைக்காது. இந்தப் பயத்தை நம்பிப் பிழைக்கும் இன்னொரு பூச்சி உண்டு. அதன் ஆண் கறுப்பில் பெரிய வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். பெண்ணோ அச்சு அசலாக வெந்தய வரியன் போலவே இருக்கும், ஆனால் அதன் உடம்பில் நஞ்சு இல்லை. அதன் புழு தின்பது, நாம் களை என்று பிடுங்கிப்போடும் பருப்புக்கீரையை. ஆக, வேலியோர எருக்கும் தரையில் படரும் பருப்புக்கீரையும் ஒரே கதையின் இரண்டு பகுதிகள்.

கறிவேப்பிலை அழகன் கதை இதைவிட வியப்பு. அதன் பெண்பூச்சிகளில் சில ஆணைப்போலவே இருக்கும். சில ரோஜா அழகியைப் போலவும், சில சிவப்புடல் அழகியைப் போலவும் வேடம் போடும். அந்த இரண்டு அழகிகளும் ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை ஆகிய செடிகளைத் தின்று நஞ்சேறியவை. ஒரே இனத்துக்குள் இத்தனை வேடங்கள் எப்படி என்ற கேள்விக்கு 2014-இல் விடை வந்தது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குண்டேயும் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும், ஆண் பெண் வேறுபாட்டை வகுக்கும் ஒற்றை மரபணுவே இந்தச் சிறகுக் கோலத்தையும் இயக்குகிறது என்று நேச்சர் இதழில் வெளியிட்டார்கள்.

இந்த வேடம் பலிக்க வேண்டுமானால் பறவைகள் அசலை ஒருமுறையாவது கொத்தி அனுபவித்திருக்க வேண்டும். ஈஸ்வரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் ஒரு ஊரிலிருந்து மறைந்தால் சிவப்புடல் அழகி போகும். அது போனபின் அதைப்போல வேடமிட்ட கறிவேப்பிலை அழகனின் பெண்ணுக்கும் காப்பு இல்லை. இந்தச் செடிகளின் இழப்பு இன்னொரு செடியில் வாழும் உயிரைத் தொடுகிறது. (ஈஸ்வரமூலியையும் ஆடுதின்னாப்பாளையையும் கைமருந்தாக யாரும் உட்கொள்ளக் கூடாது. அவற்றிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். எருக்கம்பாலும் கண்ணில் படக் கூடாது.)

‘நாட்டுச் செடி’ என்பதை ஒரு வைராக்கியமாக நான் சொல்லவில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமை அகத்தியைக் கொன்றை தின்னும் மஞ்சள் வெள்ளைப் பூச்சிகள் ஆவலோடு ஏற்றுக்கொண்டன. உறவுக்கார இனம் என்பதால் இலையின் வேதியியல் ஒத்துப்போகிறது. ஆனால் எல்லா வரவுகளுக்கும் அப்படி அமைவதில்லை. உண்ணிச்செடியின் பூவில் பட்டாம்பூச்சிகள் மொய்ப்பதைப் பார்த்து அதை நடுகிறார்கள். அதே செடிதான் நம் காடுகளில் புதராக மண்டி, பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வளர்ந்த செடிகளை நெருக்கித் தள்ளுகிறது. காசு கொடுத்து அதை வாங்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை. அடுக்குச் செம்பருத்தியும் இப்படித்தான் ஏமாற்றும். அதில் மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறிவிட்டதால் தேனீக்குக் கிடைப்பது சொற்பம். ஒற்றை இதழ் வரிசை கொண்ட பழைய செம்பருத்தியே மேல்.

தேனீக்கள் பக்கம் வந்தால், நட வேண்டிய முதல் செடி ஆவாரை என்பேன். வறட்சி தாங்கும், ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். அந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதுவும் நுனியில் சிறு துளை உள்ள பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. தச்சு வண்டு என்று நாம் சொல்லும் பெரிய கரிய தேனீயும், வயிற்றில் நீலப் பட்டைகள் கொண்ட நீலவரித் தேனீயும் பூவைக் கவ்விப் பிடித்து, பறக்கும் தசைகளை அதிரவைக்கும். ‘ர்ர்ர்’ என்று காதில் கேட்கும். அந்த அதிர்வில் துளை வழியாக மகரந்தம் கொட்டும். குட்டைத் தாள்களில் இருப்பது வண்டின் உணவுக்கு. நீண்ட தாள்களில் இருப்பது அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். கத்தரிக்கும் இதே துளைப் பைகள்தான். பெட்டியில் வளர்க்கும் தேனீயால் இந்த அதிர்வைத் தர முடியாது. ஆகவே கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் ஒரு ஆவாரை நிற்பது விவசாயக் கணக்கிலும் லாபம்.

அதிர்வு தரும் இந்தத் தேனீக்கள் தேனடை கட்டிக் கூட்டமாக வாழ்பவை அல்ல. உலகில் அறியப்பட்ட 20,000-க்கு மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பாலானவை தனித்தே வாழ்பவை. அவற்றிலும் பெரும்பகுதி மண்ணுக்குள் வளை தோண்டுபவை. நீலவரித் தேனீக்கு மண்சுவரும் வெறும் தரையும் வேண்டும், தச்சு வண்டுக்குக் காய்ந்த மரமும் மூங்கிலும் வேண்டும். வீட்டைச் சுற்றிச் சிமென்ட் தளம் போட்டுவிட்டு, பூந்தொட்டி வைத்துத் தேனீயை அழைப்பதில் பயனில்லை. வெயில் படும் ஓரத்தில் ஒரு பாய் அகலம் மண்ணையாவது கிளறாமல் விடலாம். பட்டுப்போன கிளை ஒன்றை மூலையில் சாய்த்து வைக்கலாம்.

இரவில் உழைப்பவர்களும் உண்டு. பீர்க்கு மாலையில் மலரும், புடலை இருட்டியபின் மலரும். அந்துப்பூச்சிகள் அவற்றைத் தேடி வரும். கொல்லையில் விடிய விடிய விளக்கெரிந்தால் அவை பந்தலை விட்டுவிட்டு விளக்கையே சுற்றும்.

இலைப்புழுக்களை நம்பிப் பறவைகளும் வாழ்கின்றன. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களில், கரோலினா சிக்கடி என்ற சிறு பறவையைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. விதையும் தின்னும் பறவைதான், ஆனால் குஞ்சுகளுக்கு ஊட்டுவது புழுவும் சிலந்தியும். தோட்டத்துத் தாவரத் திரளில் அந்த மண்ணுக்குரியவை 70 விழுக்காட்டுக்குக் குறைந்த இடங்களில், பறவைகளால் தம் எண்ணிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. அயல்செடிகள் பசுமையாகவே நின்றன, அவற்றில் புழு குறைவு. நம் தையல்சிட்டும் தேன்சிட்டும் குஞ்சுகளுக்கு இதே உணவைத்தான் அலகில் ஏந்தி வருகின்றன. முருங்கைக் கிளையில் தத்தும் தையல்சிட்டு இலைக்கடியில் தேடுவது அதைத்தான்.

நடுவதற்குப் புரட்டாசிக் கடைசி நல்ல காலம், ஐப்பசி மழை வேர்பிடிக்க உதவும். ஆவாரை விதையின் தோல் கடினம். வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். ஈஸ்வரமூலி மூலிகைப் பண்ணைகளில் கிடைக்கும். மாடித் தொட்டியில் ஒரு கம்பு நட்டால் ஏறிக்கொள்ளும். பொடுதலை, ஓரிதழ்தாமரை போன்ற புழுவுணவுச் செடிகளை வாங்கவே வேண்டாம். களை பறிக்கும் கையைச் சற்று நிறுத்தினால் பல இடங்களில் அவை தாமாகவே வரும்.